கையெழுத்துக்கு மேலே இருந்த பக்கம்

போன வாரம் ஹசீனா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த தமிழ் விரிவுரையாளர் அவள். நல்ல பெண்தான். ஆனால் எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போட மனசு வராதவள்.

"டீச்சர், பழைய பீரோவை ஒழிச்சிக்கிட்டு இருக்கோம். உங்க கையெழுத்துல ஒரு தாள் கெடச்சுது. 'சிறப்புத் தமிழ் மாணவரிடம் எதிர்பார்ப்பவை'ன்னு போட்டு எட்டு பாயிண்ட். சூப்பரா இருக்கு டீச்சர். ஆண்டு மலர்ல அப்பிடியே போட்டுடலாமா?"

"போடாத."

"ஏன் டீச்சர்? இப்ப இருக்கிற பசங்களுக்கு இதெல்லாம் தெரியவே மாட்டேங்குது. பின்பக்கம்கூட என்னமோ நாலு வரி இருக்கு, கீழ உங்க சைன், அதுக்குக் கீழ இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து, ஒரு கிறுக்கல். அதுதான் என்னான்னு புரியல."

"அந்த நாலு வரியப் படிச்சியா?"

"இல்ல டீச்சர். முன்பக்கத்தத்தான் டைப் பண்ணக் குடுத்திருக்கேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். போனில் அது தெரிந்திருக்காது. நாலு வரி இருக்கிறது என்று எண்ணத் தெரிகிறது, கையெழுத்து இருக்கிறது என்று பார்க்கத் தெரிகிறது, படிக்க மட்டும் நேரமில்லை. அவளைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தத் தாளின் பின்பக்கம் எழுதப்பட்டதே அதே குற்றத்துக்காகத்தான், அந்தக் குற்றத்தைச் செய்தவள் நான்தான். அப்படியானால் மலருக்கு அதைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளட்டும்.

முதலில் சிறப்புத் தமிழ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மேல்நிலை வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தமிழ்ப் பாடம் உண்டு. அது போக, வரலாறு, பொருளாதாரம் படிக்கிற பிரிவில் விருப்பப் பாடமாக இன்னொரு தமிழும் இருந்தது. செய்யுள், இலக்கணம், இலக்கிய வரலாறு, திறனாய்வு என்று கனமான பாடம். பெயரைக் கேட்டால் தமிழில் ஊறிய பிள்ளைகள் வந்து உட்காருவார்கள் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நிஜம் என்னவென்றால், பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினவர்கள் கணக்குப் பிரிவுக்குப் போவார்கள். அடுத்தவர்கள் உயிரியலுக்கு. அதற்கும் அடுத்தவர்கள் காமர்ஸுக்கு. அங்கேயும் இடம் நிரம்பிவிட்டால், கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சிறப்புத் தமிழ் இருக்கு, போடட்டுமா?" என்று கேட்பார். 

ஒரு சேர்க்கை நாளில் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வில்லியனூர் பக்கத்து விவசாயி ஒருவர், "இத்தப் படிச்சா இன்னா வேலைக்குப் போலாம் சார்?" என்று கேட்டார். கிளார்க் என்னைக் கையால் காட்டி, "இவங்க மாதிரி தமிழ் டீச்சர் ஆவலாம்" என்றார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேற குரூப்பே இல்லீங்களா?" என்றார். இப்படித்தான் என் சிறப்பு மாணவர்கள் எனக்கு வந்து சேர்ந்தார்கள்.

என் கதை பெரிய கதை இல்லை. எம்.ஏ., பி.எட்., பிறகு காரைக்காலில் நான்கு வருஷம். புதுச்சேரி அரசு வேலையில் காரைக்காலுக்குப் போகாமல் தப்பித்தவர் யாரும் இல்லை. பிறகு பாகூர் பக்கம் நடுநிலைப் பள்ளியில் மூன்று 'ன'வுக்கும் இரண்டு 'ர'வுக்கும் வித்தியாசம் சொல்லியே பல வருஷம் போனது. இரண்டாயிரம் பிறந்த பிறகுதான் பதவி உயர்வு வந்து, நகரத்துக்குள் இருந்த ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு வந்தேன். அப்போதுதான் மூலக்குளத்தில் வீடு கட்டியிருந்தோம். ஸ்கூட்டியில் வருவேன், போவேன். சிறப்புத் தமிழ் கையில் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தது போதும், இனிமேல் இலக்கியம் நடத்தப்போகிறேன் என்று ஒரே ஆட்டம்.

முதல் வருஷமே ஆட்டம் அடங்கியது. ஒரு பழம்பாட்டை முக்கால் மணி நேரம் உருகி உருகி நடத்திவிட்டு, "என்ன தோணுது?" என்று கேட்டால், "எத்தினி மார்க் கொஸ்டின் டீச்சர் இது?" என்று கேட்டார்கள். விடை எழுதச் சொன்னால் முப்பத்துநாலு பேரும் ஒரே விடையை எழுதினார்கள். கைடில் இருந்த அச்சுப்பிழையைக்கூட விடாமல் எழுதினார்கள். 

அந்தக் கோபத்தில் எழுதியதுதான் அந்தத் தாள். கைடு வகுப்புக்குள் வரக்கூடாது. பாடத்தை நான் நடத்தும் முன்னால் இரண்டு முறை படித்திருக்க வேண்டும். 'நன்றாக இருக்கிறது' என்று யாரும் சொல்லக்கூடாது, ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தாமதமாக வரும் கட்டுரை வாங்கப்படாது. இப்படியே போய், ஏழாவதாக ஒன்று: வாரம் ஒருமுறை வீட்டில் பெற்றோர் முன் பாடப்பகுதியை உரக்கப் படித்து, அதைப் பற்றித் தன் சொந்தக் கருத்தை வாசிப்பு நோட்டில் ஒரு பக்கம் எழுதி, கேட்ட பெற்றோரின் கையொப்பம் பெற வேண்டும். எட்டாவது: இவற்றில் தவறுபவர் இப்பிரிவில் நீடிக்க முடியாது. 

அதை ஜெராக்ஸ் எடுக்கும் முன்னால் துணை முதல்வர் வைத்தியநாதன் சாரிடம் ஒப்புதலுக்குக் கொண்டுபோனேன். இரண்டு முறை படித்தார்.

"எட்டும் பசங்களுக்கா டீச்சர்?"

"ஆமா சார். பின்ன யாருக்கு?"

"சரி" என்று கையெழுத்துப் போட்டார். அந்தச் 'சரி' எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

வைத்தியநாதன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருடைய மேஜைமேல் ஒரு பெரிய கண்ணாடி கிடக்கும். அதன் அடியில் சாமி படம், விடுமுறைப் பட்டியல், கடலூர் பஸ் நேரம், கூடவே எங்களில் யாராவது கோபத்தில் எழுதிக் கொடுத்த கடிதம். எந்தப் புகாரைக் கொடுத்தாலும், "வைங்க, இருக்கட்டும்" என்று வாங்கி, கண்ணாடியைத் தூக்கி, அடியில் செருகிவிடுவார். எழுத்து மேலே தெரிகிற மாதிரிதான் செருகுவார். மூன்று நாள் அது அங்கேயே கிடக்கும். அறைக்குள் வருகிறவர் போகிறவர் எல்லாம் படிப்பார்கள். நாலாம் நாள் கூப்பிட்டு, கண்ணாடியைத் தூக்கி எடுத்து நம் கையிலேயே கொடுத்து, "கொஞ்சம் சத்தமாப் படிங்க" என்பார். முக்கால்வாசிப் பேர் இரண்டாவது வரியிலேயே, "கிழிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிடுவார்கள். விலங்கியல் சார் ஒருமுறை பியூனைப் பற்றித் தான் எழுதியதைத் தானே படிக்க முடியாமல் சிரித்துவிட்டார். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

வாசிப்பு நோட்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் மேஜைக்கு வரும். முப்பத்துநாலு நோட்டு. இடைவேளைக்குள் முடிக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த பீரியட் பத்தாம் வகுப்பு. அதனால் எனக்கு ஒரு முறை அமைந்துவிட்டது. நோட்டைத் திறப்பேன், பக்கத்தின் அடியைப் பார்ப்பேன், கையெழுத்து இருக்கிறதா, ஒரு டிக். இல்லையா, அந்த இடத்தில் சிவப்பில் ஒரு வட்டம், பக்கத்தில் 'கையொப்பம் எங்கே?' அவ்வளவுதான். இருபது நிமிஷத்தில் முடியும். வேலையை இவ்வளவு கச்சிதமாகச் செய்கிறேனே என்று நானே என்னை மெச்சிக்கொண்ட காலம் அது.

சுகந்தி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். வீராம்பட்டினத்துக் குடும்பம். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அதன்பிறகு அம்மாவும் அவளும் அரியாங்குப்பத்தில் வாடகைக்கு வந்துவிட்டார்கள். வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் சுவர் ஓரமாக உட்காருவாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள். அவளை நான் கவனித்ததே அவள் நோட்டில் இருந்த கையெழுத்தால்தான். 

அது தமிழிலும் இல்லை, இங்கிலீஷ் மாதிரியும் இல்லை. பெரிய சுழி, அடியில் இழுத்துவிட்ட கோடு, வங்கி மேனேஜர் தோற்றுப்போக வேண்டும். அதற்கு மேலே ஒவ்வொரு வாரமும் V, u என்று இரண்டு எழுத்து. இரண்டு வாரம் மட்டும் கையெழுத்தே இல்லை. அந்த இரண்டு பக்கத்திலும் என் சிவப்பு வட்டம் இருந்தது. சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். அம்மா கன்னியம்மா, கைநாட்டு. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை. வகுப்பில் அவளை எழுப்பினேன்.

"இது யார் கையெழுத்து?"

"வீட்டுக்காரரு டீச்சர்."

"அவரு உனக்கு அப்பாவா?"

"இல்ல டீச்சர்."

"மாமாவா, சித்தப்பாவா?"

"இல்ல டீச்சர். வீட்டுக்காரரு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு ஏறிவிட்டது. "மேல என்னா எழுதியிருக்கு? வியூ? யாரு வியூ பாக்கறது?"

"தெரியல டீச்சர். அவரு அப்பிடித்தான் போடுவாரு."

"அவரு போடல, நீதான் போட்டிருக்க. ஃபோர்ஜரி பண்ணற புள்ளைக்கு என் க்ளாஸ்ல எடம் கெடையாது. எழுந்து போ."

"நான் போடல டீச்சர்" என்றாள். ஒரே ஒரு தடவை. பிறகு பையை எடுத்துக்கொண்டு போனாள். அழவில்லை. அழாதது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பார், எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று பெஞ்சுகளைப் பார்த்துச் சொன்னேன். அதையும் சொன்னேன், மறைக்கவில்லை.

அன்று மதியமே வைத்தியநாதன் சாருக்குக் கடிதம் எழுதினேன். எட்டாவது எதிர்பார்ப்பின்படி மாணவியைப் பிரிவிலிருந்து நீக்க வேண்டும், நாமினல் ரோலில் பெயர் சேர்க்கக் கூடாது. நாமினல் ரோல் என்பது பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல். அந்த வெள்ளிக்கிழமை அது போயாக வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். அதில் இல்லாவிட்டால் மார்ச் பரீட்சை இல்லை. சுகந்திக்கு வேறு பிரிவிலும் இடமில்லை. படிப்பு அதோடு முடிந்தது. இவ்வளவும் தெரிந்துதான் எழுதினேன்.

"வைங்க, இருக்கட்டும்" என்றார். கண்ணாடியைத் தூக்கினார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் சுகந்தி வரவில்லை. வியாழக்கிழமை காலை சார் கூப்பிட்டார். கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, கமா முற்றுப்புள்ளி விடாமல், கணீர் என்று படித்தேன். முடித்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க. கையெழுத்துப் போட்டவரப் பாத்தீங்களா?"

"அப்பிடி ஒரு ஆளே இல்ல சார்."

"இல்லன்னா இல்லன்னு பாத்துட்டு வந்துடுங்க. நாளைக்குப் பதினோரு மணிக்குத்தான் ரோல் போவுது" என்று சொல்லி, கடிதத்தை மறுபடியும் கண்ணாடிக்கு அடியில் செருகினார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தக் கண்ணாடியைத் தூக்கி உடைத்திருப்பேன்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாட்சிக்கு அவள் நோட்டும் பையில் இருந்தது. ஆற்றுப் பாலத்தில் வழக்கம்போல லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எல்லோரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே அரியாங்குப்பம் போய்ச் சேர்ந்தேன். கன்னியம்மா வீடு எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. "மீன் விக்கிற கன்னியம்மாவா? சொல்தா வீட்டுல குடியிருக்காங்களே, அவங்களா?" என்று கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் வழி சொன்னார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். சுகந்தி சொன்ன வீட்டுக்காரர் இவர்தானோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாசலில் பாதாம் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எழுபது வயசுக்கு மேற்பட்ட ஒருவர் சட்டையை இன் பண்ணி, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார்.

"நீங்கதானா அந்த மதாம்?" என்றார். கோபமாகத்தான் கேட்டார்.

நோட்டை நீட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்றேன்.

"வேற யாரு போடுவாங்க? என் கையெழுத்துக்குப் பாரீசுலேந்து பென்ஷன் வருது மதாம். உங்க இஸ்கூல்ல செல்லாதா?"

"இந்த ரெண்டு எழுத்து?"

"வூ. பார்த்தேன்னு அர்த்தம். நான் படிச்ச பிரெஞ்சு இஸ்கூல்ல அப்பா அப்பிடித்தான் எழுதிக் கையெழுத்துப் போடணும். பாக்காம போட்டா அது பொய். எனக்குத் தமிழு பேச வரும், படிக்க வராது. அந்தப் பொண்ணு ஞாயித்துக்கெழம சர்ச்சுலேந்து நான் வந்ததும் படிச்சுக் காட்டும். நான் கேள்வி கேப்பேன். பதில் சரியா இருந்தாத்தான் வூ."

நான் விடவில்லை. தோற்றுப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு வாய் நீளும். "அப்ப இந்த ரெண்டு வாரம் ஏன் போடல?"

"அந்த ரெண்டு வாரமும் எங்களுக்குள்ள சண்டை. நோட்டுல எழுதறேன்னு சொல்லுச்சே. நீங்க படிக்கலையா?"

நின்றபடியே நோட்டைத் திறந்தேன். சிவப்பு வட்டம் போட்ட பக்கம். வட்டத்துக்கு மேலே முழுப்பக்கம் எழுதியிருந்தாள். அதை முதல் தடவையாகப் படித்தேன்.

'இந்தப் பாட்டில் வரும் பெண் கரையில் நின்று அழுகிறாள் என்று கைடில் இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படகு வரவில்லை என்றால் அழமாட்டார்கள். எண்ணுவார்கள். அப்பா வராத அன்று அம்மா அழவில்லை. எத்தனை படகு போனது, எத்தனை வந்தது என்று எண்ணிக்கொண்டே இருந்தார்கள். வேறு ஊர்ப் படகுகளையும் சேர்த்து எண்ணினார்கள். அழுகை மூன்றாம் நாள்தான் வந்தது. ஆகவே இது முதல் நாள் பாட்டு இல்லை, மூன்றாம் நாள் பாட்டு என்று நினைக்கிறேன். தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ராணுவத்துக்குப் போன அன்றே அவருடைய அம்மா அழுதார்களாம். அதனால் இந்த வாரம் கையெழுத்து இல்லை. யார் சொல்வது சரி என்று டீச்சர் சொல்ல வேண்டும்.'

அதற்குக் கீழே, நான் சொன்ன பதில்: 'கையொப்பம் எங்கே?'

எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை. பல வருஷமாக எந்தப் பிள்ளையாவது இப்படி ஒரு பக்கம் எழுதாதா என்று ஏங்கினவள் நான். எழுதி என் மேஜைக்கு வந்திருக்கிறது. நான் அதன் அடியைப் பார்த்து வட்டம் போட்டிருக்கிறேன்.

அதற்குள் கன்னியம்மா அலுமினியக் கூடையோடு வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டார்.

"வாங்க டீச்சரம்மா. எம் பொண்ணு திருடின்னு சொன்னீங்களாமே. அம்மா கேக்கணும்னு தாள்ல போட்டிருக்கீங்க. நான் விடியக்காலம் மூணு மணிக்குக் கரைக்குப் போயி மீனு எடுத்துக்கிணு, மார்க்கெட்டுல குந்திட்டு, வூட்டுக்கு வந்து சோறு தின்னா கண்ணு சொருவிக்குது. நான் இன்னாத்தக் கேக்கறது? எனக்கு எழுத வருமா, படிக்க வருமா? படிச்ச மனுஷன், அவரு கேக்கறேன்னாரு. தப்பா?"

"தப்பில்லம்மா. தப்பு எம்மேலதான். சுகந்தி நாளைக்கு வரணும். பதினோரு மணிக்குள்ள வந்து ரோல்ல கையெழுத்துப் போடணும். இல்லன்னா பரீட்ச எழுத முடியாது."

"நாளைக்கு இறால் கம்பெனி வேன் வரும். எட்டு மணிக்கு. வேலைக்கு இவ பேரு குடுத்துட்டேன்."

சுகந்தி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "வந்து கையெழுத்துப் போடும்மா" என்றேன்.

"எந்தக் கையெழுத்து டீச்சர்? நான் போட்டா ஃபோர்ஜரிம்பீங்க."

"ஏய், டீச்சர்கிட்ட இன்னாடி பேச்சு!" என்றார் அம்மா. சொல்தா மட்டும் சிரித்தார்.

"தெரியாமச் சொல்லிட்டேன், வுடு."

"எல்லாரு முன்னாடியும்தான சொன்னீங்க?"

"சரி, எல்லாரு முன்னாடியும் சொல்றேன்."

"சொன்னா போதாது டீச்சர். எழுதிக் குடுங்க. எங்ககிட்ட மட்டும் எல்லாத்தையும் எழுதித்தான வாங்கறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷத்தில்கூட என் மனசு, 'என்ன திமிர் இதுக்கு, வண்டியைத் திருப்பு' என்றுதான் சொன்னது. வைத்தியநாதன் சார் இரண்டு முறை படித்துவிட்டு, எட்டும் பசங்களுக்கா என்று கேட்டது ஞாபகம் வந்தது. அந்த மனுஷன் அன்றைக்கே நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"வா. எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பீரியட் சிறப்புத் தமிழ். மூன்றாவது பெஞ்சில் சுவர் ஓரம் காலி. ஒன்பதரை ஆனது, வரவில்லை. எட்டு மணி வேன் போயிருக்கும். பாடம் நடத்துகிறேன் என்று பேர், நான் பேசியது எனக்கே காதில் விழவில்லை. இரண்டாவது பீரியடும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பத்தேகாலுக்கு வாசலில், "உள்ள வரலாமா டீச்சர்?" என்று குரல். யூனிபார்ம், கையில் மடித்த தாள். ஜூன் மாதம் நான் கொடுத்த, அவள் அம்மா கைநாட்டு வைத்த அதே எதிர்பார்ப்புத் தாள். மேஜைமேல் அதைத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தாள்.

நின்றபடியே எழுதினேன். எழுதியதைச் சத்தமாகப் படித்தேன்: "சுகந்தியின் நோட்டில் இருந்த கையெழுத்து பொய் என்று வகுப்பில் சொன்னேன். அது உண்மையான கையெழுத்து. அதற்கு மேலே அவள் எழுதியிருந்த பக்கத்தை நான் படிக்கவில்லை. படிக்காமல் தீர்ப்புச் சொன்னது என் தவறு." கீழே என் கையெழுத்தைப் போட்டேன். பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, கேட்டுவிட்டேன்.

"மிச்சம் முப்பத்துமூணு பேர் வீட்டுல யாரு கேட்டாங்க? உண்மையச் சொல்லுங்க."

எல்லோரும் டெஸ்கைப் பார்த்தார்கள். கடைசியில் கிளாஸ் லீடர் எழுந்து, "டீச்சர், அப்பாங்ககிட்ட மாசத்துக்கு ஒருவாட்டி மொத்தமா வாங்கிடுவோம். வெறும் பக்கத்துல" என்றான். அன்று சாயங்காலம் உட்கார்ந்து முப்பத்துமூன்று நோட்டையும் படித்தேன். எல்லாம் கைடு. ஒருவன் ஒரே பக்கத்தை நான்கு வாரமாகத் திருப்பித் திருப்பி எழுதியிருந்தான். நான்குக்கும் டிக் போட்டிருந்தேன். என் ஏழாவது எதிர்பார்ப்பை அந்தப் பள்ளிக்கூடத்தில் நிறைவேற்றிய ஒரே பிள்ளையைத்தான் நான் வெளியே அனுப்பியிருக்கிறேன்.

சுகந்தியை நானே ஆபீசுக்கு அழைத்துப் போனேன். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. ரோலில் கையெழுத்துப் போட்டாள். வைத்தியநாதன் சார் கண்ணாடியைத் தூக்கி என் கடிதத்தை எடுத்து நீட்டினார். "இன்னொரு தடவ படிக்கறீங்களா டீச்சர்?"

"வேணாம் சார்" என்று வாங்கிக் கிழித்தேன். அவர் 'சரி' என்றார். அந்தச் 'சரி'யும் எனக்குப் பிடிக்கவில்லை.

சுகந்தி பரீட்சை எழுதினாள், தேறினாள். சிறப்புத் தமிழில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கைடை உருப்போட்டவர்கள் அவளைத் தாண்டி எங்கேயோ போனார்கள். ஏனென்றால் திருத்துகிறவர்கள் கையில் விடைக்குறிப்பு இருக்கும், அதில் அந்தப் பெண் அழுகிறாள் என்றுதான் போட்டிருக்கும், எண்ணுகிறாள் என்று எழுதினால் அரை மார்க்குக்குக்கூட வழியில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் இப்போது எங்கே என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பெரிய வேலையில் இருக்கிறாள் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். தெரியாததை எழுதி மாட்டிக்கொண்டது ஒருமுறை போதும். அவள் கேட்ட கேள்விக்கு, முதல் நாளா மூன்றாம் நாளா என்பதற்கு, ஒரு பக்கம் பதில் எழுதிக் கொடுத்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஹசீனாவுக்குப் புரியாத அந்த இரண்டு எழுத்தின் கதை இதுதான். வெள்ளிக்கிழமை நான் எழுதிக் கொடுத்த தாளை சுகந்தி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வீட்டுல படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கியாரேன் டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நானும் சிரித்துவைத்தேன். திங்கட்கிழமை அவள் நோட்டைத் திறந்தால் உள்ளே அந்தத் தாள். என் கையெழுத்துக்குக் கீழே பெரிய சுழி, இழுத்துவிட்ட கோடு, அதற்கு மேலே வூ. அதை பீரோவில் பத்திரமாக வைத்தேன். ஓய்வு பெறும்போது எடுக்க மறந்துவிட்டேன்.

ஆகவே ஹசீனா, மலரில் போடுவதானால் பின்பக்கத்தைப் போடு. முன்பக்கத்தில் இருக்கிற எட்டும் எந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் கிடைக்கும். அந்த இரண்டு எழுத்தையும் விட்டுவிடாதே. அப்புறம், டைப் பண்ணக் கொடுக்கும் முன்னால், உனக்குப் புண்ணியமாகப் போகும், ஒரு தடவை படி.